தடை முடிந்த காலையில் கார்ச் சாவியைத் தொடாதீர்கள்: பிரித்தானியாவில் லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் மீளப் பெறும் வழி

என் மச்சானின் ட்ரைவிங் தடை ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. புதன்கிழமை விடிய ஐந்தரைக்கே அவன் குளித்து, ஜக்கெட்டைப் போட்டு, கார்ச் சாவியோடு வாசலுக்கு வந்துவிட்டான். பன்னிரண்டு மாதம் மழையிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனவன், அவசரம் இருக்கும்தானே. "லைசென்ஸ் வந்திட்டுதோ?" என்று அவன் மனைவி குசினியிலிருந்து கேட்டாள். "அதுதான் தடை முடிஞ்சுதே, பிறகென்ன?" என்றான். அவள் வந்து சாவியை வாங்கித் தேயிலை டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அவள் செய்தது சரி. அவனிடம் அன்று லைசென்ஸ் இல்லை. அதற்கு விண்ணப்பமே போடவில்லை. காரின் இன்சூரன்ஸிலும் அவன் பெயர் இல்லை. சந்தியில் நிற்கும் கமரா ஒன்றில் நம்பர் பிளேட் பட்டு பொலிஸ் மறித்திருந்தால் காரை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியதற்கு லைசென்ஸில் 6 முதல் 8 தண்டப் பொயின்ட் வேறு விழுந்திருக்கும்.

தடை முடிவது என்பது, விண்ணப்பித்து லைசென்ஸ் எடுக்கலாம் என்ற உரிமை திரும்பி வருவது மட்டுமே. லைசென்ஸ் ஸ்வான்சியில் இருக்கும் அரசின் ஓட்டுநர், வாகன உரிம அலுவலகமான டி.வி.எல்.ஏ.யிடமிருந்து வர வேண்டும். இன்சூரன்ஸ் ஒரு கம்பனியிடமிருந்து வர வேண்டும். இரண்டு பேரும் ஒருவருக்காக மற்றவர் வேலை செய்ய மாட்டார்கள். இரண்டுக்குமான வேலையைத் தடை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும். மச்சானோடு படிவங்களுக்குப் பின்னால் அலைந்ததில் படித்ததை இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்துக்கு வேறு அலுவலகம்.

உங்களுக்கு விழுந்தது எந்தத் தடை?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் பிரியும்.

தடை 56 நாளுக்குக் குறைவு என்றால் பெரிய வேலை இல்லை. தடை முடிந்ததும் பழைய லைசென்ஸே செல்லும், புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. 56 நாளோ அதற்கு மேலோ என்றால் பழைய லைசென்ஸ் செத்துப்போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

நம்மவர்களில் அதிகம் பேர் மாட்டுவது இரண்டு வழிகளில். ஒன்று, பொயின்ட் சேர்ந்து சேர்ந்து மூன்று வருடத்துக்குள் 12 ஆவது. வேகத்துக்கு 3, இன்னொரு வேகத்துக்கு 3, சிக்னலில் நிற்கும்போது போனைக் கையில் எடுத்ததற்கு 6. கணக்கு முடிந்தது. இதற்குக் குறைந்தது ஆறு மாதம். கடந்த மூன்று வருடத்துக்குள் 56 நாளுக்குக் குறையாத தடை ஒன்று ஏற்கெனவே இருந்தால் ஒரு வருடம், இரண்டு இருந்தால் இரண்டு வருடம். லைசென்ஸ் பதிவில் இது டி.டி.99 என்ற குறியீட்டோடு வரும். இந்தத் தடையில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு: முடித்து வரும்போது பழைய பொயின்ட்கள் அடுத்த 12-க்கான கணக்கில் சேராது. ஆனால் பதிவில் இருக்கும், இன்சூரன்ஸ்காரன் அதைக் கேட்பான்.

மற்றது குடி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூச்சில் 100 மில்லிலீட்டருக்கு 35 மைக்ரோகிராம்தான் எல்லை. ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து அது 22. தாண்டினால் குறைந்தது 12 மாதத் தடை, பத்து வருடத்துக்குள் இரண்டாம் முறை என்றால் குறைந்தது 3 வருடம். அளவு கூடக் கூடத் தடையும் நீளும்: இங்கிலாந்து, வேல்ஸ் நீதிவான்கள் பார்க்கும் வழிகாட்டலில் 36 முதல் 59 வரை 12 முதல் 16 மாதம், 60 முதல் 89 வரை 17 முதல் 22 மாதம், அதற்கு மேலும் போகும். மச்சானுக்கு 58. இரவு ஒரு மணிக்குக் கலியாண மண்டபத்திலிருந்து யாரோ வீட்டில் இறக்கிவிட, நல்லபிள்ளையாகப் படுத்துவிட்டு, காலை ஆறரைக்குக் கார் எடுத்துக் கடை திறக்கப் போனவன். நித்திரை கொண்டால் வெறி முறியும், ஈரலுக்கு அது போதாது. 16 மாதம் கிடைத்தது.

மூன்றாவது ஒன்று தடை போலவே இருக்கும், ஆனால் தடை இல்லை. முதன்முதலில் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 பொயின்ட் விழுந்தால் லைசென்ஸை ரத்துச் செய்துவிடுவார்கள். போனை ஒரு முறை எடுத்தாலே போதும். இவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. உடனே பழகுபவருக்கான புரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, எல் போர்ட் கட்டி, தியறியும் பிரக்டிகலும் திரும்பப் பாஸ் பண்ண வேண்டும்.

இடையில் ஒன்று. "இங்கத்தைய லைசென்ஸைத்தானே பறிச்சவங்கள், என்னட்ட ஊர் லைசென்ஸ் இருக்கு" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீதிமன்றம் தடுத்தது ஆளை, அட்டையை அல்ல. யாழ்ப்பாணத்தில் எடுத்ததோ சென்னையில் எடுத்ததோ, சர்வதேச அனுமதியோ, எதை வைத்தும் இங்கே ஓட்ட முடியாது. தடைக்காலத்தில் ஓட்டினால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதம் வரை சிறை, பி.ஏ.10 என்ற குறியீடு வேறு. அந்தக் குறியீட்டைப் பார்த்துவிட்டு விலை சொல்ல மறுக்கும் கம்பனிகள் உண்டு.

நீதிமன்றத்திலேயே முடிவெடுக்க வேண்டிய ஒன்று

குடித்து ஓட்டியதற்குத் தடை 12 மாதமோ அதற்கு மேலோ என்றால், புனர்வாழ்வுக் கற்கை ஒன்றுக்குப் போகச் சம்மதமா என்று நீதிமன்றம் கேட்கலாம். கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள். அங்கேயே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்து மனம் மாறினால் பிறகு சேர முடியாது. கற்கையை முடித்தால் தடையில் கால்வாசி வரை குறையும். மச்சானின் 16 மாதம் 12 ஆனது இப்படித்தான். வழக்கமாக மொத்தம் 16 மணித்தியாலம், மூன்று கிழமைகளில் மூன்று நாளாக நடக்கும். கட்டணம் 250 பவுண் வரை போகும், அது உங்கள் கைக்காசு.

அவனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. போய் வந்தபிறகு சொன்னது வேறு: "அண்ணை, அங்க ஒரு டீச்சரும் இருந்தவ, ஒரு பிளம்பரும் இருந்தவர், ஒரு பெரிய மனுசனும் இருந்தவர். கிளாஸில எத்தனை யூனிட் எண்டு ஊத்திக் காட்டினவங்கள். நான் ஒரு பெக் எண்டு நினைச்சது மூண்டு பெக்." முடிக்க வேண்டிய கடைசித் தேதி உத்தரவுக் கடிதத்தில் இருக்கும். அதற்குள் முடிக்காவிட்டால் குறைப்பு கிடையாது. இடம் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் முதல் கிழமையே பதிவு செய்துவிடுங்கள்.

நண்பர்கள் தரும் ஓர் ஆலோசனையைப் பற்றியும் சொல்ல வேண்டும்: "ஊதாத மச்சான், ஊதினாத்தான் பிடிப்பாங்கள்." பொலிஸ் நிலையத்தில் தகுந்த காரணம் இல்லாமல் மூச்சு மாதிரி கொடுக்க மறுப்பது தனிக் குற்றம், அதன் குறியீடு டி.ஆர்.30. தடையும் வரும். அதற்கு மேலாக உங்களை 'அதிக ஆபத்துள்ளவர்' பட்டியலில் சேர்த்துவிடும். அதன் விலை என்ன என்று கீழே வருகிறது. ஊதியிருந்தால் எல்லைக்குள் வந்திருக்கக்கூடியவர்கூட ஊத மறுத்து அந்தப் பட்டியலுக்குள் போகிறார்.

தடைக்காலத்தில் காரையும் விலாசத்தையும் கவனியுங்கள்

தடை வந்ததும் இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சொல்லுங்கள். பொலிசியை நிறுத்தினால் காரை அப்படியே றோட்டில் விட்டுவைக்க முடியாது. ஓடாமல் நிற்கும் காருக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது 2011-லிருந்து சட்டம். இல்லாவிட்டால் வீட்டுக்கு 100 பவுண் தண்டம் தபாலில் வரும். இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் 'சோர்ன்' அறிவித்தல் கொடுக்க வேண்டும். கார் றோட்டில் இல்லை என்று டி.வி.எல்.ஏ.க்குச் சொல்வது அது. இணையத்தில் ஐந்து நிமிட வேலை, காசு இல்லை. மீதியுள்ள முழு மாதங்களுக்கான றோட் டக்ஸும் திரும்பி வரும். ஆனால் சோர்ன் கொடுத்த கார் சொந்த ட்ரைவ்வேயிலோ கராஜிலோதான் நிற்கலாம். ஃப்ளட்டில் இருந்துகொண்டு தெருவில் பெர்மிட்டுக்கு நிறுத்துபவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் விற்றுவிடுவது, அல்லது வீட்டில் வேறு ஒருவர் உண்மையாகவே ஓட்டுவார் என்றால் அவர் பெயரில் இன்சூரன்ஸை எழுதுவது. கார் உங்கள் பெயரில் பதிவாகி இருப்பதில் தடை ஒன்றும் இல்லை.

விலாசம். இதை நான் பெரிய எழுத்தில் எழுதுவேன். விண்ணப்பப் படிவம் டி.வி.எல்.ஏ.யிடம் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். நம்மவர்கள் வாடகை அறை மாறி மாறி இருப்பவர்கள், வங்கிக்குச் சொல்வோம், கவுன்சிலுக்குச் சொல்வோம், டி.வி.எல்.ஏ.யை மறந்துவிடுவோம். மச்சானின் படிவம் இல்ஃபோர்டில் அவன் இரண்டு வருடத்துக்கு முன் இருந்த வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே இப்போது இருக்கும் பெடியன் நல்லவன், எறியவில்லை. ரேடியேற்றருக்கு மேல் பீட்சாக் கடை விளம்பரங்களோடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தான். நாங்கள் போய் எடுத்தபோது கவரின் ஒரு பக்கம் சூட்டில் வளைந்திருந்தது. விலாசம் மாற்றுவது இலவசம். மாற்றாமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டம்.

லைசென்ஸ் அட்டையை அனுப்புவதற்கு முன் அதன் இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தில் உங்கள் பதிவைப் பார்க்க அந்த இலக்கமும், தேசிய காப்புறுதி இலக்கமும், போஸ்ட் கோடும் தேவை. தடை சரியாக எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அங்கே பாருங்கள். கலண்டரில் விரல் வைத்து எண்ணாதீர்கள்.

தடை நீண்டது என்றால் முன்கூட்டியே நீக்கச் சொல்லி நீதிமன்றத்திடம் கேட்கலாம். நான்கு வருடத்துக்குக் குறைந்த தடை என்றால் இரண்டு வருடம் கழிந்தபின், நான்கு முதல் பத்து வருடம் என்றால் பாதி கழிந்தபின், பத்தோ அதற்கு மேலோ என்றால் ஐந்து வருடம் கழிந்தபின். நல்ல காரணம் காட்ட வேண்டும். அதற்கு ஒரு சொலிசிட்டரைப் பிடிப்பது நல்லது.

டி27 படிவம்

தடை முடிவதற்கு 56 நாள் முன்னதாக டி27 என்ற படிவத்தை டி.வி.எல்.ஏ. அனுப்பும். நிரப்பி, கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். வழக்கமான கட்டணம் 65 பவுண், அதிக ஆபத்துள்ளவர் பட்டியலில் இருப்பவருக்கு 90. அனுப்பும் நாளில் அரசின் தளத்தில் தொகையை ஒருமுறை சரிபாருங்கள். குறைத்து அனுப்பினால் திரும்பி வந்துவிடும். படிவம் வரவே இல்லை என்றால் போஸ்ட் ஒபிஸில் டி1 படிவம் வாங்கி அதையே நிரப்பலாம். இதைத் தெரியாமல் "கடிதம் வரட்டும்" என்று இரண்டு மாதம் சும்மா இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

படிவத்தில் உடல்நலக் கேள்விகள் உண்டு. சலரோகத்துக்கு இன்சுலின் எடுப்பவர், வலிப்பு வந்தவர் மறைக்க வேண்டாம். படம் பழையது என்றால் புதிய படம் வைக்க வேண்டும். கவரைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். அந்தச் சின்னத் துண்டு பின்னால் வேலைக்கு வரும்.

எப்படி என்றால், தடை முடிந்துவிட்டது, விண்ணப்பம் டி.வி.எல்.ஏ. கைக்குப் போய்விட்டது, அட்டை மட்டும் வரவில்லை என்ற நிலையில் பலர் சட்டப்படி ஓட்டலாம். 1988-ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு அந்த இடைவெளிக்கு இடம் தருகிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு: விண்ணப்பம் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும், வைத்தியர் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது, பழைய லைசென்ஸில் இருந்த வாகன வகையைத்தான் ஓட்டலாம். அதிக ஆபத்துள்ளவர் பட்டியலில் 2013 ஜூன் 1-க்குப் பிறகு தடைபட்டவர்களுக்கு இந்தச் சலுகை இல்லவே இல்லை. மற்றவர்களும் தங்கள் இன்சூரன்ஸ் கம்பனி இதை ஏற்கிறதா என்று ஈமெயிலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துவிட்டே சாவியைத் தொட வேண்டும். போனில் சொன்னதை நடு றோட்டில் பொலிஸுக்குக் காட்ட முடியாது.

அதிக ஆபத்துள்ளவர் பட்டியல்

மூச்சில் 87.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காட்டியவர், பத்து வருடத்துக்குள் இரண்டு முறை குடித்து ஓட்டிப் பிடிபட்டவர், மாதிரி கொடுக்க மறுத்தவர் எல்லாரும் இதில் அடக்கம். இவர்களுக்குப் படிவம் 90 நாள் முன்னதாக வரும். டி.வி.எல்.ஏ. குறிப்பிடும் வைத்தியரிடம் பரிசோதனைக்குப் போக வேண்டும். கேள்விகள் கேட்பார்கள், உடம்பைப் பார்ப்பார்கள், சி.டி.டி. என்ற இரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். செலவு உங்களுடையது.

அந்த இரத்தப் பரிசோதனை முந்தின நாள் குடித்தீர்களா என்று பார்ப்பதல்ல. சில கிழமைகளாகத் தொடர்ந்து நிறையக் குடித்து வந்தீர்களா என்பதைக் காட்டும். ஆகவே "செக்கப்புக்கு முதல் நாள் மட்டும் தொடமாட்டேன்" என்ற விரதம் பலன் தராது. மாதக்கணக்கில் நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் ஜி.பி.யிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். முடிவு பாதகமாக வந்தால் லைசென்ஸ் மறுக்கப்படும். தடை முடிந்திருந்தாலும் காத்திருப்பு நீளும். படிவம் வந்த கிழமையே அனுப்பினால்தான் பரிசோதனையும் முடிவும் ஓரளவு நேரத்துக்கு வரும்.

திரும்பவும் டெஸ்ட்

எல்லாருக்கும் இது இல்லை. ஆபத்தான முறையில் ஓட்டியதற்குத் தடைபட்டவர்கள் நீட்டித்த பிரக்டிகல் பாஸ் பண்ண வேண்டும். சாதாரணம் 40 நிமிடம் என்றால் இது 70 நிமிடம் அளவில் போகும். வார நாளில் 62 பவுணுக்குப் பதில் 124 பவுண். அதற்கு முன் தியறி: 50 கேள்விகளில் 43 சரியாக வேண்டும், பிறகு ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோத் துண்டுகள். உங்கள் உத்தரவுக் கடிதத்தில் 'மறு சோதனை பாஸாகும்வரை' என்று இருந்தால் தடையின் காலம் முடிந்தாலும் புரொவிஷனல்தான், எல் போர்ட்தான், பக்கத்தில் ஆள்தான். பிரக்டிகலுக்கு மாதக்கணக்கில் தேதி கிடைக்காமல் இருக்கலாம் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

பழைய ஆட்களுக்கு ஒரு தகவல். ஒரு காலத்தில் தியறி சோதனையைக் காதில் ஹெட்போன் போட்டுத் தமிழில் கேட்டு எழுதலாம். 2014 ஏப்ரல் 7-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலத்திலோ வெல்ஷிலோதான். தமிழில் பாஸ் பண்ணி இருபது வருடம் ஓட்டிய மாமாமார் திரும்ப எழுத வேண்டி வந்தால், வீட்டுப் பிள்ளைகள்தான் மாலையில் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

லைசென்ஸ் விதிப்படி நடக்கும் விஷயம். படிவம், காசு, நாட்கள், முடிந்தது. இன்சூரன்ஸ் அப்படியல்ல. மச்சானுக்கு முதலில் வந்த விலையைப் பார்த்து அவன் லப்டொப்பை மூடிவிட்டு வெளியே போய்விட்டான். அவனுடைய காரின் பெறுமதியைவிட அது கூட.

முதல் விதி, பொய் சொல்லக் கூடாது. "ஐந்து வருடத்தில் ஏதாவது தண்டனை, தடை?" என்று கேட்பார்கள். கேட்ட கேள்விக்கு நேர்மையாக, கவனமாகப் பதில் சொல்வது 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் கடமை. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் கம்பனி பொலிசியை இல்லாததாக்கலாம். விபத்தில் மற்றவருக்குக் கட்டிய காசை உங்களிடம் கேட்கலாம். அதோடு விடாது. "உங்கள் இன்சூரன்ஸை எந்தக் கம்பனியாவது ரத்துச் செய்ததுண்டா?" என்பது எல்லாக் கம்பனிகளும் கேட்கும் கேள்வி. அதற்கு இனி ஓம் என்று சொல்ல வேண்டி வரும். லைசென்ஸ் இலக்கத்தைக் கொடுத்ததும் கம்பனிகள் டி.வி.எல்.ஏ. பதிவைப் பார்க்க வழி இருக்கிறது. மறைத்து எங்கே போவது?

பதில் சொல்லும்போது கையில் ஒரு தாள் வைத்திருங்கள். அதில் குறியீடு, குற்றம் நடந்த தேதி, தீர்ப்புத் தேதி, எத்தனை பொயின்ட், எத்தனை மாதத் தடை, தண்டப்பணம், குடி என்றால் மூச்சில் வந்த அளவு. குற்றம் நடந்த தேதியும் தீர்ப்புத் தேதியும் வேறு வேறு. மாற்றிச் சொன்னால் விலை மாறும், பிறகு பிரச்சினையும் வரும். கற்கையால் தடை குறைந்திருந்தால் நீதிமன்றம் சொன்ன காலம், உண்மையில் ஓடிய காலம் இரண்டையும் சொல்லி எதை எழுத வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். டி.டி.99 என்றால் அதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், அதற்குக் காரணமான வேகமும் போனும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். பதிவைக் காட்டச் சொன்னால் டி.வி.எல்.ஏ. தளத்தில் ஒரு பகிர்வுக் குறியீடு எடுத்துக் கொடுக்கலாம், அது 21 நாள் செல்லும்.

இரண்டாவது, தேடும் இடம். விலை ஒப்பிடும் தளங்களில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், விலை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். அங்கே நின்றுவிடாதீர்கள். தடைபட்ட ஓட்டுநர்களுக்கென்றே இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். பிரித்தானியக் காப்புறுதித் தரகர்கள் சங்கமான 'பீபா' பொருத்தமான தரகரைக் கண்டுபிடித்துத் தரும் சேவை நடத்துகிறது. தண்டனை பெற்றவர்களுக்கு உதவும் 'அன்லொக்' என்ற தொண்டு நிறுவனமும் இந்த விஷயத்தில் வழிகாட்டும். மச்சானுக்குக் கடைசியில் ஒரு தரகர்தான் வேலையை முடித்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே "கற்கைக்குப் போனீர்களா?" என்பதுதான். போன சான்றிதழ் இருந்ததில் விலை கொஞ்சம் இறங்கியது.

மூன்றாவது, விலையை இறக்கும் வேறு வழிகள். சின்ன எஞ்சின், குறைந்த இன்சூரன்ஸ் குழுவில் உள்ள கார். வருடத்துக்கு எத்தனை மைல் என்பதை உண்மையாகக் கணக்கிட்டுப் போடுவது. ஓட்டத்தைக் கவனிக்கும் பிளக் பொக்ஸ். முடிந்தால் வருடத்துக்கு ஒரேயடியாகக் கட்டுவது, மாதம் மாதம் என்றால் வட்டி சேரும். கடைசி நாள்வரை இழுக்காமல் இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே விலை எடுப்பது. நஷ்டஈடு கேட்காமல் ஓட்டிய வருடங்களுக்கான கழிவை, அதாவது நோ கிளெய்ம்ஸ் போனஸை, பெரும்பாலான கம்பனிகள் இரண்டு வருடம்வரை ஏற்கும். அதற்குள் திரும்பி வந்தால் பழைய கம்பனியிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

செய்யக் கூடாதது நம் வீடுகளில் சர்வசாதாரணமாக நடக்கிறது. மனைவியைப் பிரதான ஓட்டுநராகப் போட்டு, கணவர் பெயரைக் கீழே சேர்த்துவிட்டு, தினமும் வேலைக்குக் கணவரே ஓட்டிக்கொண்டு போவது. இது மோசடி. விபத்து நடந்து விசாரிக்கும்போது வேலை நேர அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும். மனைவி உண்மையிலேயே அதிகம் ஓட்டுகிறார் என்றால் பிரச்சினை இல்லை.

இன்னொரு ஆபத்து வட்ஸப்பில் வரும். "எந்தக் குறியீடு இருந்தாலும் பரவாயில்லை அண்ணை, 600 பவுணுக்குச் செய்துதாறன்" என்று ஒருவர். காசு போனதும் அழகான பீடிஎஃப் ஒன்று வரும். அதில் உங்கள் பெயர் இருக்கும், தடை இருக்காது, விலாசம் ஏதோ கிராமத்தில் இருக்கும். சில வேளை அந்தப் பொலிசியே இருக்காது. இவர்களைப் பேய்த் தரகர்கள் என்கிறார்கள். காசு கொடுக்குமுன் நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.ஏ.யின் பதிவேட்டில் தரகரின் பெயரைத் தேடுங்கள். வாங்கியபின் மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவின் (எம்.ஐ.பி.) தளத்தில் உங்கள் கார் இலக்கம் இன்சூரன்ஸ் உள்ளதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். தமிழில் இனிமையாகக் கதைக்கிறார் என்பது சான்றிதழ் ஆகாது.

வேலைக்காக ஓட்டுபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாப்பாடு டெலிவரி, பார்சல், மினிகாப் எல்லாவற்றுக்கும் சாதாரண இன்சூரன்ஸ் போதாது, கூலிக்கு ஓட்டுவதற்கான பொலிசி வேண்டும். தடைக்குப் பிறகு அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். மினிகாப் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் தனியாகத் தீர்மானிக்கும், டி.வி.எல்.ஏ. கொடுத்துவிட்டது என்பதால் அவர்களும் கொடுப்பார்கள் என்றில்லை. விசாவோ குடியுரிமையோ விண்ணப்பிக்க இருப்பவர்கள் குடித்து ஓட்டிய தண்டனையை அங்கேயும் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்ப முன் குடிவரவுச் சொலிசிட்டரிடம் கதையுங்கள்.

எவ்வளவு காலம் இது பின்னால் வரும்?

லைசென்ஸ் பதிவில் குடித்து ஓட்டியதற்கான குறியீடு தீர்ப்புத் தேதியிலிருந்து 11 வருடம் இருக்கும். டி.டி.99 நான்கு வருடம். ஆனால் இன்சூரன்ஸுக்கு அந்த 11 வருடம் கணக்கில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தவர்களுக்கு இப்படிப்பட்ட பதிவு பொதுவாக ஐந்து வருடத்தில் காலாவதியாகும். அதற்குப் பிறகு இன்சூரன்ஸ்காரனிடம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. புதுப்பிக்கும் கடிதத்தில் அவர்கள் பழைய தகவலையே வைத்துக்கொண்டு விலை போட்டிருப்பார்கள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மச்சானின் லைசென்ஸ் அந்தப் புதன்கிழமைக்கு மூன்றாவது கிழமை வந்தது. தேயிலை டப்பாவிலிருந்து எடுத்த சாவியில் இன்னும் கொஞ்சம் தேயிலை வாசம் இருந்தது. ஐந்து வருடம் முடியும் தேதியை அவன் மனைவி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள், பால்காசுக் கணக்குக்கும் பள்ளிக்கூட விடுமுறை அட்டவணைக்கும் நடுவில்.